காந்தாரம் எங்கே நிற்கிறது?

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் டென்மாவும் சேர்ந்து திரட்டிய 19 பேர் குழு அது. வட சென்னையின் கானாப் பாடகர்கள் முன்னால் நிற்க, பறை, சட்டி, டோலக் எல்லாம் முழங்க, அவற்றோடு டிரம்ஸும் கிடாரும் சேர்ந்துகொண்டன. சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் குரலையும் தாளத்தையும் நம்பியே நின்ற பாட்டு கானா. அதன் பக்கத்தில் கிடாருக்கு என்ன வேலை? பாடுகிறவரின் குரலுக்கு அடியில் கார்டு பிடித்துக்கொடுப்பதுதான் அதன் முதல் வேலை.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் முதல் கிடாரை வாங்கும் பிள்ளைகள் இன்று பெரும்பாலும் செல்போனில் கார்டு படம் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். ஆறு கோடு, அதன்மேல் நாலைந்து புள்ளி, மேலே ஒரு ஆங்கில எழுத்து. பத்துப் படம் வரைக்கும் உற்சாகம் இருக்கும். நூறு படம் என்று தெரிந்ததும் மலைப்பு வரும். விரல் நுனி வலி வேறு. கொஞ்ச நாளில் கிடார் பீரோ மேல் ஏறிவிடும்.

இது பரிதாபம். ஏனென்றால் கார்டுகளின் அடிப்படை வகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் முக்கியமானவற்றைப் பிரித்துக்காட்டுவது ஒரே ஒரு ஸ்வரம்: காந்தாரம். அது இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில் நிற்கிறது என்று காது பிடித்துக்கொண்டால், படங்களின் சுமை பாதி இறங்கிவிடும். ச ரி க ம கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒன்றும் புது வித்தை இல்லை.

கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளுக்கு ஃபிரெட் என்று பெயர். ஒரு தந்தியில் ஒரு ஃபிரெட் தள்ளி அழுத்தினால் ஸ்வரம் அரைப்படி ஏறும். 12 ஃபிரெட் தாண்டினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வந்துவிடும். நம் இசையில் சொல்லும் 12 ஸ்வரஸ்தானங்கள் இங்கே கண்ணால் பார்க்கும்படி வரிசையாக நிற்கின்றன. ஒரு ஸ்வரத்தை ஷட்ஜமம் என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து 3 ஃபிரெட் தள்ளி சாதாரண காந்தாரம், 4 ஃபிரெட் தள்ளி அந்தர காந்தாரம், 7 ஃபிரெட் தள்ளி பஞ்சமம்.

கார்டு என்பது குறைந்தது மூன்று ஸ்வரம் ஒரே நேரத்தில் ஒலிப்பது. ஷட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றும் சேர்ந்தால் மேஜர். நடுவில் இருக்கும் காந்தாரத்தை ஒரு ஃபிரெட் இறக்கி, சாதாரண காந்தாரமாக்கினால் மைனர். ஷட்ஜமமும் பஞ்சமமும் அசையவே இல்லை. மாறியது ஒரு ஃபிரெட்தான். ஆனால் வெயில் அடித்த இடத்தில் மேகம் கவிந்த மாதிரி பாட்டின் முகமே மாறிவிடும்.

இதை நம்புவதற்குக் கிடாரைக் கையில் எடுப்பதே நல்லது. தடித்த தந்தியை 6ஆம் தந்தி என்றும் மெல்லிய தந்தியை 1ஆம் தந்தி என்றும் எண்ணுவார்கள். 6இலிருந்து 1 வரை வழக்கமான சுருதி ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. 5ஆம் தந்தியில் இரண்டாவது ஃபிரெட்டில் நடுவிரல், 4ஆம் தந்தியில் இரண்டாவது ஃபிரெட்டில் மோதிர விரல், 3ஆம் தந்தியில் முதல் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல். ஆறு தந்தியையும் மேலிருந்து கீழே ஒருமுறை வருடினால் ஈ மேஜர். இப்போது ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி வருடினால் ஈ மைனர். அந்த விரல் அழுத்திக்கொண்டிருந்தது அந்தர காந்தாரத்தை. விரல் போனதும் அது சாதாரண காந்தாரமாகிவிட்டது. முதல் நாள் பாடம் இதோடு முடிந்தாலும் போதும். பத்து கார்டின் படத்தை மனப்பாடம் செய்வதைவிட, இந்த ஒரு விரலை வைத்தும் எடுத்தும் பத்து நிமிடம் கேட்பது மேல்.

காந்தாரமே இல்லாத இணைப்பும் உண்டு. ஷட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் ஒலித்தால் ராக் இசைக்காரர்கள் அதைப் பவர் கார்டு என்கிறார்கள். மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. மின்கிடாரில் சத்தத்தைக் கரகரப்பாக்கி வாசிக்கும்போது இந்த இரண்டு ஸ்வரம்தான் தெளிவாக நிற்கும். நமக்கு இது பழகிய ஒலி. தம்பூராவில் மீட்டுவதும் பஞ்சமமும் ஷட்ஜமமும்தானே. எண்ணூர் கழிமுகம் சீரழிவதைப் பற்றி டி.எம். கிருஷ்ணா பாடி, 2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ பல ராகங்களில் போகிறது. கபேர் வாசுகி எழுதிய சென்னைத் தமிழ் வரிகள் அதில் கர்நாடக இசைக்குள் வந்தன. அந்த இசைக்குக் கார்டு தேவைப்படவில்லை. ஒரு ஆதார சுருதியின் மேலேயே ராகம் ராகமாக ஏறி இறங்க முடிந்தது. கவனமாகச் சுருதி கூட்டிய தம்பூராவில், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகவே கேட்கும் என்பது சங்கீதக்காரர்கள் அறிந்த செய்தி. சுயம்பு காந்தாரம் என்பார்கள். ஒரு தந்தி அதிரும்போது அதன் அதிர்வெண்ணைப் போல 2, 3, 4, 5 மடங்கு ஒலிகளும் மெல்லியதாகச் சேர்ந்து எழும். அந்த 5ஆவது மடங்குதான் காந்தாரம். மேஜர் கார்டின் மூன்று ஸ்வரங்களும் 4:5:6 என்ற விகிதத்தில் அமைவதும், அது காதுக்கு அவ்வளவு இயல்பாகப் படுவதும் இதனால்தான்.

திருவொற்றியூரிலேயே இதற்கு இன்னொரு பாடம் இருக்கிறது. தியாகராஜ சுவாமிகள் இங்கே வந்து திரிபுரசுந்தரி அம்மன்மேல் பாடிய ஐந்து கீர்த்தனைகள் திருவொற்றியூர் பஞ்சரத்தினம் எனப்படுகின்றன. கல்யாணி, ஆரபி, பேகடா, சாவேரி, சுத்த சாவேரி என்று ஐந்து ராகம். முதல் நான்கிலும் வருவது அந்தர காந்தாரம். ச, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேஜர் கார்டு கிடைக்கும். ஐந்தாவதான சுத்த சாவேரியில் காந்தாரமே கிடையாது. ச, ரி, ம, ப, த என்ற ஐந்தே ஸ்வரம்.

அங்கே காந்தாரத்தின் நாற்காலியில் ரிஷபத்தையோ மத்தியமத்தையோதான் உட்காரவைக்க வேண்டும். ச, ரி, ப சேர்ந்தால் சஸ் 2. ச, ம, ப சேர்ந்தால் சஸ் 4. சஸ்பென்டட் என்ற பெயரின் சுருக்கம்தான் சஸ். இந்தக் கார்டைக் கேட்டவுடன் அடுத்து என்ன வரப்போகிறது என்று காது காத்திருக்கும். டி மேஜர் பிடித்து, சுண்டுவிரலை 1ஆம் தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டில் கூடுதலாக வைத்தால் டி சஸ் 4. எடுத்தால் மறுபடி டி மேஜர். அந்தப் போக்குவரத்து சினிமாப் பாட்டுகளில் எத்தனை இடத்தில் வருகிறது என்று ஒருமுறை காது பழகிவிட்டால் பிறகு விடவே விடாது.

ராகத்தின் ஸ்வரத்தை எடுத்து கார்டு கட்டலாம் என்பதால் எல்லா ராகத்துக்கும் கார்டு போடலாம் என்று அர்த்தமில்லை. சாவேரியிலும் பேகடாவிலும் ஸ்வரங்கள் ஒரு ஃபிரெட்டில் அசையாமல் உட்காருவதில்லை, கமகத்தோடு ஊசலாடும். கீழே கார்டு கல் மாதிரி நின்றால் மேலே ராகம் உரசும். கிடாரில் கர்நாடக இசையை வாசிக்கும் பிரசன்னா தந்தியை வளைத்தும் இழுத்தும் கமகத்தைக் கொண்டுவருவதை ஒருமுறை கேட்டால், அந்த இசைக்குக் கிடார் வேறு விதமாகப் பழக வேண்டியிருக்கிறது என்பது புரியும்.

பல குரல் ஒன்றாக ஒலிக்கும் பழக்கம் வட சென்னைக்குத் தேவாலயங்களின் வழியாக வந்தது. துறைமுகத்தில் படகு வலித்தவர்கள் எழுப்பிய புனித பேதுரு ஆலயம் ராயபுரத்தில் இருக்கிறது. 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தைச் சுற்றியும் பெரம்பூரிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்தன. கிடாரும் பியானோவும் அந்த வீடுகளின் விசேஷ நாட்களில் ஒலித்தன. தேவாலயப் பாடகர் குழுவில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என நான்கு குரலும் நான்கு ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும்போது உருவாவது கார்டுதான். கிடார் அதை ஒரே ஆளின் கைக்குள் அடக்கிவிடுகிறது.

சினிமாவில் அதைத் தமிழ்க் காதுக்குப் பழக்கியவர்களில் இளையராஜா முதன்மையானவர். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். ‘மூடுபனி’ படத்தில் பிரதாப் போத்தன் கிடாரோடு பாடும் ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டில், மைனர் கார்டு எவ்வளவு கனிவாக ஒலிக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். சோகத்துக்குத்தான் மைனர் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் அந்தப் பாட்டை ஒருமுறை கேட்க வேண்டும். 1982இல் வந்த ‘இளைய நிலா’வின் தொடக்கத்தில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிடார் இன்னொரு விதம். கார்டின் ஸ்வரங்களை ஒரே வீச்சில் அடிக்காமல் ஒவ்வொன்றாக மீட்டுவது; இதற்கு ஆர்பெஜியோ என்று பெயர். கார்டுக்குள் என்னென்ன ஸ்வரம் இருக்கிறது என்று பிரித்துக் கேட்க இதைவிட நல்ல வழி இல்லை.

மூன்று ஸ்வரத்தோடு நிஷாதம் நான்காவதாகச் சேர்ந்தால் ஏழாம் கார்டுகள் வரும். மேஜரோடு கைசிகி நிஷாதம் சேர்ந்தால் வெறும் 7. ஜி 7 வாசித்தால் அடுத்து சி மேஜருக்குப் போய்ச் சேரும்வரை காது ஓயாது. மேஜரோடு காகலி நிஷாதம் சேர்ந்தால் மேஜர் 7. மென்மையான காதல் பாட்டுகளின் சொத்து. மைனரோடு கைசிகி நிஷாதம் சேர்ந்தால் மைனர் 7. டிமினிஷ்டு, ஆக்மென்டட் என்று இரண்டு மிச்சம் இருக்கின்றன. அவற்றில் பஞ்சமமே இடம் மாறும். சாதாரண காந்தாரத்தோடு பிரதி மத்தியமம் வந்தால் முன்னது, அந்தர காந்தாரத்தோடு சுத்த தைவதம் வந்தால் பின்னது. முதல் ஆறு மாதத்துக்கு இவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது எந்தக் கார்டுக்குப் பிறகு எந்தக் கார்டு என்பதைத்தான். சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரத்தில் ஒவ்வொன்றையும் அடியாக வைத்து, அந்த ராக ஸ்வரங்களை மட்டும் கொண்டு ஒன்றுவிட்டு ஒன்றாகக் கார்டு கட்டினால் ச, ம, ப மூன்றின்மேலும் மேஜர் கிடைக்கும். ரி, க, த மூன்றின்மேலும் மைனர். நி மேல் டிமினிஷ்டு. சி என்ற ஸ்வரத்தை ஷட்ஜமமாக வைத்தால் சி, எஃப், ஜி மூன்றும் மேஜர். டி, ஈ, ஏ மூன்றும் மைனர். இந்த ஆறு கார்டுக்குள் அடங்கும் பாட்டுகள் ஏராளம்.

அந்த ஆறில் எஃப் மட்டும் ஆரம்பக்காரர்களை அழவைக்கும். ஆள்காட்டி விரலால் முதல் ஃபிரெட்டில் ஆறு தந்தியையும் அழுத்திக்கொண்டு, மற்ற மூன்று விரலால் ஈ மேஜர் வடிவத்தை ஒரு ஃபிரெட் தள்ளிப் பிடிக்க வேண்டும். பார் கார்டு என்பது இதுதான். விரலில் பலம் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை மெல்லிய நான்கு தந்தியில் மட்டும் பிடிக்கும் சின்ன எஃப் போதும். பலம் வந்தபின் அதே வடிவத்தை மூன்றாவது ஃபிரெட்டுக்குத் தள்ளினால் ஜி, ஐந்தாவதில் ஏ. ஒரே படம் பன்னிரண்டு கார்டுக்கு ஆகிவிடும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் தந்தியையும் கவனிக்க வேண்டும். காசிமேடு, எண்ணூர் பக்கத்து உப்புக்காற்றில் உலோகத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். விரல் வியர்வையிலும் உப்பு உண்டு. துருவேறிய தந்தியில் சுருதி சரியாக நிற்காது, விரலும் கிழியும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்து, கிடாரைப் பைக்குள் வைத்து மூடுவது வழக்கமாக வேண்டும். வாங்கும்போது 10 அளவுத் தந்தி கேட்டு வாங்கினால் புது விரலுக்கு வலி குறைவு.

பாடகரோடு சேர்ந்து வாசிக்கும் நாள் வரும்போது கட்டைக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 1 கட்டை என்றால் சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. நடுவில் வரும் அரைக் கட்டை ஒவ்வொன்றும் ஒரு ஃபிரெட் கூடுதல். கானா பாடுகிறவர் கச்சேரிக்காரர் போலக் கட்டையை முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்க மாட்டார்; அன்றைக்குக் குரல் எங்கே நிற்கிறதோ அங்கேயே எடுப்பார். ஒன்றரைக் கட்டையில் எடுத்தால், கேப்போ என்ற கவ்வியை முதல் ஃபிரெட்டில் மாட்டி சி வடிவக் கார்டுகளையே வாசிக்கலாம். ஐந்தரைக் கட்டையாக இருந்தால் அதே இடத்தில் கேப்போ, ஜி வடிவக் கார்டுகள். பாடகர் முதல் அடி பாடும்போதே 6ஆம் தந்தியில் ஒவ்வொரு ஃபிரெட்டாகத் தொட்டுப் பார்த்து அவருடைய ஷட்ஜமத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அவர் பாடும் காந்தாரம் அதிலிருந்து நான்காவது ஃபிரெட்டில் விழுகிறதா, மூன்றாவதில் விழுகிறதா என்று கேட்டுவிட்டால் மேஜரா மைனரா என்பது தெரிந்துவிடும். இரண்டாவது அடிக்குள் கிடார் உள்ளே நுழைந்துவிடலாம்.