தெருக் காரும் பந்தய வாரும்

குதிரையை வண்டியிற் பூட்டுதற்குரிய வார்க்கட்டினை ஆங்கிலேயர் ‘ஹார்னெஸ்’ என்பர். குதிரைகள் தெருவை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் கழிந்தன. ஆயினும் அச்சொல் அழிந்திலது. இன்று அது மோட்டார்ப் பந்தயக் களத்திற் புகுந்து, சாரதியை ஆசனத்தோடு பிணிக்கும் வாரினைக் குறித்து நிற்கின்றது. முன்னாளில் வண்டியை இழுப்பது பூட்டப்பட்டது. இந்நாளில் வண்டியில் இருப்பவன் பூட்டப்படுகின்றான். பொருள் இங்ஙனம் மாறினும் ஓருண்மை மாறவில்லை. வாரின் சிறப்பு அதன் தோலிலோ நூலிலோ மாத்திரம் இல்லை. பூட்டும் முறையிலேயே உளது. தவறாகப் பூட்டிய வார் அன்று குதிரையின் கழுத்தைப் புண்ணாக்கியது. இன்று அது சாரதியின் முள்ளந்தண்டை முறிக்கவும் வல்லது.

இதனை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறிய விளையாட்டுக் கார்களை வைத்திருப்போர் பலர், வார நாட்களில் அவற்றிலேயே தொழிலுக்குச் செல்வர். விடுமுறை நாளிற் கட்டணஞ் செலுத்திப் பந்தயத் தடத்திற் சென்று வேகமாக ஓட்டி மகிழ்வர். 1989ஆம் ஆண்டில் ஜப்பானிய மஸ்டா நிறுவனத்தார் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் கூரை திறக்குங் கார் இத்தகையோர்க்கு உவப்பானது. 2016ஆம் ஆண்டிற் பத்து இலட்சமாவது கார் செய்யப்பட்டது என்பதே அதன் செல்வாக்கிற்குச் சான்றாகும். இக்காரினை உடையோர் பலர்க்கும் தோன்றும் ஆசைகளுள் ஒன்று, பந்தய வீரர் அணியும் பல முனை வாரினைத் தம் காரிலும் பொருத்துதல். அதனாற் காவல் மிகுமா, குறையுமா? முழுமையாகப் பொருத்தின் மிகும். பாதியாகப் பொருத்தின், முன்னிருந்த காவலும் போம் என்பதே விடை. அஃது எவ்வாறு என்பதை இனி நோக்குவாம்.

மும்முனைப் பட்டியின் நுட்பம்

மணித்தியாலத்துக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒன்று செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. அது சுவரில் மோதிப் பத்தில் ஒரு செக்கனில் நின்றுவிடுமாயின், உள்ளிருப்பவரின் உடல் தன் எடையைப் போலப் பதினான்கு மடங்கு விசையுடன் முன்னோக்கிப் பாய முற்படும். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரைத் தடுத்து நிறுத்துதற்கு ஏறத்தாழ ஆயிரங் கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். கைகளாற் சுக்கானைப் பிடித்துத் தப்பலாம் என்று கருதுவோர் இக்கணக்கினை ஒருமுறை நினைந்து பார்ப்பாராக.

மனித உடல் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பதைத் தம் உடலையே வைத்து ஆராய்ந்தவர் ஜோன் போல் ஸ்ராப் என்னும் அமெரிக்க விமானப்படை வைத்தியர். 1954ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் நாள், நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், ரொக்கெட்டினால் உந்தப்படும் சறுக்கு வண்டியில் வாரினாற் பிணிக்கப்பட்டு மணித்தியாலத்துக்கு ஆயிரங் கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தை எய்தினார். வண்டி 1.4 செக்கனில் நின்றது. புவியீர்ப்பின் 46 மடங்கு விசை அவருடலைத் தாக்கியது. கண்கள் சில காலம் ஒளி குன்றினும் உயிர் தப்பினார். தக்கவாறு பிணிக்கப்பட்ட உடல் பெரும் விசையையும் தாங்கும் என்னும் உண்மையை உலகம் அறிந்தது. பின்னர் அவரே கார்களில் ஆசனப்பட்டி வேண்டுமென்று விடாது வலியுறுத்தியவர்களுள் ஒருவரானார்.

ஐந்தாண்டுகளின் பின், 1959இல், சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தைச் சேர்ந்த நில்ஸ் பொலின் என்னும் பொறியியலாளர் மும்முனை ஆசனப்பட்டியை அமைத்தார். விமானியை ஆபத்துக் காலத்தில் வெளியே எறியும் ஆசனங்களை ஆக்கிய அநுபவம் அவருக்கு இருந்தது. விமானி எத்தனை வாரையும் பொறுமையுடன் அணிவான். கடைத்தெருவுக்குச் செல்லும் குடும்பத்தினர் அணியார். ஆதலின் ஒரு கையாற் பூட்டத்தக்கதாகவும், இடுப்பெலும்பையும் மார்பையும் ஒருங்கே தாங்குவதாகவும் அவர் அதனை ஆக்கினார். ஏனைய நிறுவனத்தாரும் அவ்வமைப்பைக் கையாளுதற்கு வொல்வோ இடமளித்தது.

இப்பட்டி உடலை முற்றாக அசையாது நிறுத்துவதன்று என்பது கருதத்தக்கது. மோதும்போது அது சிறிது நீண்டு, மார்பும் தலையும் ஒருங்கே முன்னோக்கிச் சாய இடமளிக்கின்றது. அவ்வாறு சாயும் தலையைக் காற்றுப்பை ஏந்திக்கொள்கின்றது. பட்டி, காற்றுப்பை, ஆசனம், மடிந்து நொறுங்கும் முன்புறம் ஆகிய யாவும் ஒன்றை ஒன்று எதிர்நோக்கி அமைந்தவை. இவற்றுள் ஒன்றை மாற்றுபவர் ஏனையவற்றின் கணக்கையும் மாற்றுகின்றார்.

இருவர் மரணம் தந்த பாடம்

பந்தய வாரின் முறைகள் ஏட்டிலிருந்து மாத்திரம் பிறந்தவை அல்ல. உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றவை. 1970ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் இத்தாலியின் மொன்சாத் தடத்திலே ஜொக்கன் ரின்ற் என்னும் வீரர் பயிற்சி ஓட்டத்தின்போது விபத்துக்குள்ளானார். தீப்பற்றினால் விரைந்து வெளியேற வேண்டும் என்னும் எண்ணத்தால், தொடைகளுக்கிடையே வரும் வாரினை அவர் பூட்டுவதில்லை. மோதலின்போது அவருடல் முன்னோக்கிக் கீழே வழுக்கிச் சென்றது. தொண்டையில் ஏற்பட்ட காயத்தால் உயிர் நீத்தார். அவ்வாண்டின் உலக வெற்றிப் பட்டம் இறந்த பின்னரே அவருக்கு உரியதாயிற்று. ஃபோர்முலா வண் வரலாற்றில் அத்தகைய துயர வெற்றி பெற்றவர் பிறர் இலர்.

2001ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் அமெரிக்காவின் டேற்ரோனாப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ஏழு முறை வெற்றிப் பட்டஞ் சூடிய டேல் ஏர்ன்ஹார்ட் மதிலில் மோதி இறந்தார். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்திருந்தது. இடுப்பு வார் ஒன்று அறுந்திருந்ததும் ஆய்விற் புலனாயிற்று. தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவியை அவர் அணிந்திருக்கவில்லை. அக்கருவியோ அக்காலத்திற் புதியதன்று. 1981இல் நண்பர் ஒருவர் விபத்தில் இறந்ததைக் கண்டு வருந்திய ஜிம் டவுனிங் என்னும் பந்தய வீரரும், அவருடைய மைத்துனரும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியருமான ரொபேட் ஹபாட்டும் சேர்ந்து அதனை ஆக்கியிருந்தனர். தோள்வார்களின் கீழ் அமரும் வலிய காலர் ஒன்றிலிருந்து இரு நாடாக்கள் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹான்ஸ் எனப்படும் அக்கருவி கனமானது, இடைஞ்சலானது என்று கூறி வீரர் பலர் பல்லாண்டுகள் புறக்கணித்தனர். 2001 ஒக்டோபரில் அப்பந்தயக் கழகத்தாரும், 2003இல் ஃபோர்முலா வண் நடத்துவோரும் அத்தகைய காவலைக் கட்டாயமாக்கினர்.

இதன் இயல்பு எளிது. பந்தய வார் இரு தோள்களையும் பின்னே இறுகப் பிடித்துவிடும். தலையை யார் பிடிப்பது? தலையும் கவசமும் சேர்ந்து ஆறு கிலோகிராம் எனக் கொண்டால், ஐம்பது மடங்கு விசையில் முந்நூறு கிலோகிராம் எடை கழுத்தில் தொங்குவது போலாகும். உடலை எத்துணை இறுகக் கட்டுகின்றோமோ அத்துணைத் தனிமையில் தலை விடப்படுகின்றது.

பொருத்தும் முறை

இனி, தெருக் காரொன்றிற் பந்தய வாரினைப் பொருத்துவோர் அறிய வேண்டுவன சில.

முதலாவது ஆசனம். தெருக் காரின் சாதாரண ஆசனத்திலே தோள்வார்கள் நுழைதற்குத் துளைகள் இரா; வார்கள் அதன் மேல்விளிம்பிற் பக்கவாட்டாக வழுக்கும். தொடையிடை வார் வருதற்கும் வழி இராது. ஆதலின் வாரை மாற்ற விரும்புவோர் அதற்குரிய துளைகளோடு கூடிய பந்தய ஆசனத்தை முதலிற் பொருத்துதல் வேண்டும்.

இரண்டாவது தோள்வாரின் சரிவு. பலர் செய்யும் பெரும் பிழை இதுவே. ஆசனத்தின் பின்னே தளத்தில் ஒரு துளையிட்டு, தோள்வாரை அங்கே கொண்டுசென்று முடக்கிவிடுவர். பார்வைக்கு அது வலியதாகவே தோன்றும். மோதலின்போதோ, முன்னே பாயும் உடலை வார் பின்னோக்கி இழுப்பதோடு தோளைக் கீழ்நோக்கியும் அமுக்கும். அவ்வமுக்கம் முழுவதும் முள்ளந்தண்டின் மேல் விழும். உலகப் பந்தயங்களை நெறிப்படுத்தும் சர்வதேசச் சம்மேளனத்தின் விதிப்படி, தோள்வார் கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேற் கீழே சரியலாகாது. 10 பாகைக்குள் அமைதலே விரும்பத்தக்கது. இதனாலேயே எம்.எக்ஸ்-5 போன்ற கார்களில் ஆசனத்தின் பின்னே தோளுயரத்தில் ஓர் உருக்குக் குழாயை அமைத்து, அதிலே தோள்வார்களைச் சுற்றுகின்றனர்.

மூன்றாவது இடுப்பு வார். அது வயிற்றின் மேற் கிடத்தல் ஆகாது. தொடையும் இடுப்பும் கூடும் மடிப்பிலே, இடுப்பெலும்பைப் பற்றிக் கிடத்தல் வேண்டும். எலும்பு தாங்கும் விசையைக் குடலும் ஈரலும் தாங்கமாட்டா. தொடையிடை வார் இல்லாத நான்கு முனை வாரிலே, தோள்வார்களை இறுக்குந்தோறும் நடுவிலுள்ள கொளுக்கி மேலே இழுக்கப்பட்டு, இடுப்பு வார் வயிற்றின் மேல் ஏறும். உடல் அதன் கீழே வழுக்கும். ஐந்தாம், ஆறாம் முனைகள் தோன்றியது இக்குற்றத்தை நீக்குதற்கே. ஜேர்மனியின் ஷ்ரொத் நிறுவனத்தார் நான்கு முனை வாரிலேயே ஒரு தோள்வாரை மாத்திரம் சிறிது நீளவிட்டு, மும்முனைப் பட்டி போல உடல் திரும்பச் செய்து இதற்குப் பரிகாரம் கண்டனர். அணியும்போது முதலில் இடுப்பு வாரைத் தாழ வைத்து இறுக்கிய பின்னரே தோள்வார்களை இறுக்குதல் வேண்டும்.

நான்காவது பிணிப்பிடம். மெல்லிய தளத் தகட்டிற் துளையிட்டு ஆணியை முடுக்கினால், மோதலின்போது ஆணி தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். புதிதாகத் துளையிடும் இடத்தில் 40 சதுர சென்ரிமீற்றர் பரப்பும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் குறையாத உருக்குத் தகட்டை வைத்தல் வேண்டும் என்பது சம்மேளனத்தின் விதி. ஆசனத்தோடோ அதன் தாங்கிகளோடோ வாரைப் பிணித்தலும் அவ்விதியால் விலக்கப்பட்டது. வாரின் நுனியை இரும்புச் சட்டத்திற் கோத்த பின் மீண்டும் ஒருமுறை மடித்துக் கோத்தல் வேண்டும், அன்றேல் நழுவும்.

ஐந்தாவது வாரின் வயது. வெயிலில் நூல் நலியும். அமெரிக்காவில் வழங்கும் எஸ்.எஃப்.ஐ. தரச்சான்று பெற்ற வார்களுக்குச் செய்த நாளிலிருந்து இரண்டாண்டுகளே ஆயுள். கடும் விபத்தைக் கண்ட வார் கிழியாதிருப்பினும் மறுமுறை பயன்படுத்தத்தக்கதன்று. ஒருமுறை நீண்ட நூல் மறுமுறை அவ்வாறு நீளாது.

கவிழுங்கால்

இவை யாவும் செம்மையாக அமையினும் ஒரு வினா எஞ்சும். கார் கவிழ்ந்தால் யாது நிகழும்? மும்முனைப் பட்டி அணிந்தவர் ஒருபுறமாகச் சாயக்கூடும். பந்தய வார் அணிந்தவரோ நிமிர்ந்தபடியே பிணிக்கப்பட்டிருப்பார்; நசுங்கி வரும் கூரைக்கு அவர் தலையே தூணாகும். ஆதலின் வாரோடு காப்பு வளைவும் இன்றியமையாதது. கூரையற்ற கார்களிற் பந்தயத் தடத்தார் ‘தும்புத்தடிச் சோதனை’ ஒன்றைச் செய்வதுண்டு. வளைவின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சி வரை ஒரு நேர்த்தடியை வைப்பர். சாரதியின் தலைக்கவசம் அதன் கீழே அடங்குதல் வேண்டும். பொறியியல் நுட்பம் அனைத்தையும் ஒரு தும்புத்தடி தீர்ப்புக் கூறி முடிக்கும் விந்தை இது.

காப்பு வளைவோ மற்றொரு வினாவை எழுப்புகின்றது. தடத்தில் தலைக்கவசம் அணிந்தவரைக் காக்கும் அவ்வுருக்குக் குழாய், தெருவில் வெறுந்தலையோடு இருப்பவரின் மண்டையைப் பிளக்க வல்லது. தலைக்கவசம் இன்றேல் கழுத்துக் காவற் கருவியும் இல்லை. அஃதின்றேல் பந்தய வார் கழுத்துக்குக் கேடு. வளைவின்றி வாரும், கவசமின்றி வளைவும் ஆபத்தாவதை இங்ஙனம் காண்கின்றோம். அன்றியும், பந்தய வாரிற் பிணிப்புண்டவர் சந்தியிலே முன்குனிந்து இருபுறமும் பார்த்தல் அரிது. அவ்விடைஞ்சலைப் போக்க வாரைத் தளர்த்திக்கொண்டு ஓட்டுவாராயின், தளர்ந்த வார் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

ஆதலின் அறிந்தோர் கைக்கொள்ளும் வழி இதுவே: காரோடு வந்த மும்முனைப் பட்டியை அகற்றாது விடுதல்; தெருவில் அதனையே அணிதல்; குழாய் தலைக்கு எட்டும் இடத்திற் கடினமான மெத்தை உறையிடுதல்; தடத்திற்குச் சென்ற பின், தலைக்கவசமும் கழுத்துக் காவலும் பூண்டு பந்தய வாரினை இறுக்குதல். ஒரு காருக்கு இருவகைக் கட்டும் இருக்கலாம். ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் நிற்றல் வேண்டும்.

‘கட்டு’ என்னும் சொல்லிலிருந்தே ‘கட்டுப்பாடு’ என்னும் சொல்லும் பிறந்தது. இளைஞர் கட்டினை விரும்பி வாங்குகின்றனர். அழகிய நிறத்திலும் வாங்குகின்றனர். கட்டுப்பாடு கடையில் விற்கப்படுவதன்று. ரின்ற் பூட்டாது விட்டது ஒரு வார் மாத்திரமே. அவ்வொன்றினை நினைந்து, உள்ளவை அனைத்தையும் முறையாகப் பூட்டுபவனே வாரின் பயனைப் பெறுவான்.