வீடும் விலையும் – 7: தறிக்குழியைத் தூர்த்துவிட்டு விற்கலாமா?

ஆரணியில் பழைய நெசவு வீட்டை விற்க நினைப்பவருக்கு முதலில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: தறியைக் கழற்று, குழியைத் தூர்த்துச் சிமென்ட் போடு, சுவருக்குப் பட்டி பார்த்து எமல்ஷன் அடி, அப்புறம் ஆளைக் கூப்பிடு. தரகரும் இதையே சொல்வார், உறவுக்காரர்களும் இதையே சொல்வார்கள். வாங்க வருகிறவருக்கு வீடு பார்த்ததுமே பிடிக்க வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால் இந்த யோசனைப்படி செய்யும் செலவில் பெரும்பகுதி வீண். சில இடங்களில் விற்பவருக்கே கேடு. வீட்டை விற்பனைக்குத் தயார் செய்வது என்றால், வருகிறவர் எதையும் தட்டிப் பார்க்கவும் கேட்டுப் பார்க்கவும் ஏற்றபடி அதைத் திறந்து வைப்பது. அப்படிச் செய்தால் செலவும் குறையும், பேரமும் சீக்கிரம் முடியும்.

முதலில் சுவர். ஆரணியின் பழைய தெருக்களில் உள்ள வீடுகளில் பல, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியவை. கமண்டல நாகநதிக் கரை ஊரில், அடித்தளத்தில் ஈரம் தடுக்கும் பூச்சு இல்லாத காலத்துச் சுவர், தரையின் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதனால்தான் வருஷா வருஷம் வெள்ளையடித்தே அந்த வீடுகள் இத்தனை காலம் நின்றன. அதன்மேல் சிமென்ட் பூசி, பட்டி வைத்து, பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். ஓதம் முன்பைவிட உயரமாக ஏறும், உப்புப் பூக்கும், பெயின்ட் கொப்புளமாக எழும்பி உரியும். சித்திரையில் பளபளத்த சுவர் ஐப்பசி மழையில் உண்மையைச் சொல்லிவிடும். முன்பணம் கொடுத்துவிட்டுப் பத்திரப் பதிவுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் காலத்தில் இது நடந்தால், வாங்குபவர் சுவரை மட்டும் சந்தேகிக்க மாட்டார்; விற்பவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் சந்தேகிப்பார். அதற்குப் பதில் ஓட்டைப் பிரித்து மாற்றி, ஒழுகலை நிறுத்தி, சுண்ணாம்பு அடித்தால் செலவும் குறைவு, பொய்யும் இல்லை.

இதில் சட்டமும் சம்பந்தப்படுகிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு விற்பவருக்கு ஒரு கடமை விதிக்கிறது: தனக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்திலோ உரிமையிலோ இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை அச்சட்டம் மோசடி என்றே வகைப்படுத்துகிறது. கண்ணுக்குத் தெரியும் ஓதத்தை விற்பவர் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை, சுவரே சொல்கிறது. அதைப் பட்டி வைத்து மூடும்போதுதான், எளிதில் பார்க்கக்கூடிய குறை பார்க்க முடியாத குறையாகிறது, சொல்லும் கடமையும் விற்பவர் தலையில் ஏறுகிறது. காசு செலவழித்து வம்பை வாங்குவது என்பது இதுதான்.

அடுத்து, ஆரணிக்கே உரிய கேள்வி: தறிக்குழி. நெசவாளர் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பதற்கான குழி அது. நெசவு தெரியாதவர் அதைப் பார்த்துத் தயங்குவார் என்பது உண்மை. ஆனால் வருகிற எல்லாரும் நெசவு தெரியாதவர்கள் என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் இன்னும் தறி ஓடுகிறது. நெசவுக் குடும்பம் வீடு தேடினால், குழியும், ஜக்கார்டு பெட்டியை மேலே ஏற்றும் அளவுக்கு உயர்ந்த கூரையும், தறியின் நீளத்துக்கு இடம்கொடுக்கும் கூடமும் அமைந்த வீடு எளிதில் கிடைக்காது. அவசரமாகத் தூர்ப்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. இடிபாட்டைக் கொட்டி ஒரே நாளில் மேலே சிமென்ட் போட்டால் நாளாவட்டத்தில் உள்ளே மண் இறங்கும், தரை வெடிக்கும். ஒழுங்காகத் தூர்ப்பதென்றால் மணலையும் கிராவலையும் அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அந்த வேலையை வாங்குபவர் தேவைப்பட்டால் செய்துகொள்ளட்டும். விற்பவர் குழியைச் சுத்தம் செய்து, எடுத்து வைக்கும்படி மேலே ஒரு கடப்பாக்கல்லைப் போட்டால் போதும். மின்கட்டணத்தையும் இத்தோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு இலவச மின்சாரம் 200 யூனிட்டாக இருந்தது, 2023இல் 300 யூனிட்டானது. பழைய ரசீதைக் காட்டி ‘இந்த வீட்டுக்குக் கரண்ட் பில் கொஞ்சம்தான்’ என்றால், தறி போடாதவருக்கு அது அரைப் பொய்.

சுவரையும் குழியையும்விட வாங்குபவர் மனத்தை அதிகம் அசைப்பவை காகிதங்கள். வங்கிக் கடனில் வாங்குபவர் என்றால், வங்கியின் வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்ப்பார், மதிப்பீட்டாளர் கட்டடத்தைப் பார்ப்பார். எமல்ஷனின் நிறத்தை இருவரும் கணக்கில் எடுக்கப்போவதில்லை. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டுவரி ரசீது ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு, வருகிறவர் கேட்குமுன் எடுத்து வைப்பதுதான் ஆகச் சிறந்த அலங்காரம். தலைமுறை தலைமுறையாக வந்த வீடுகளில் மகள்களின் கையெழுத்து முக்கியம். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு தந்த சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுமைக்கும் 2005இலும் வந்தது. அது பிறப்பால் வரும் உரிமை என்றும், 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் வினீதா சர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஊருக்குப் போன அக்காள், தங்கைகளிடம் முதலிலேயே பேசி முடிக்காத வீட்டுக்கு எந்தப் பெயின்டும் உதவாது.

‘குறையைச் சொன்னால் விலை குறையுமே’ என்பது நியாயமான ஆட்சேபம். சொன்ன குறைக்கு விலை குறையத்தான் செய்யும். சொல்லாத குறைக்கும் குறையும், அதுவும் கூடுதலாக. எது நல்லது, எது பழுது என்று பிரித்தறிய முடியாத சந்தையில் வாங்குபவர் எல்லாவற்றையும் பழுது என்றே வைத்து விலை கேட்பார் என்பதை, பழைய கார் விற்பனையை முன்வைத்து 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார். 2001இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டார். பட்டுத் தொழிலுக்கு இது புதிய பாடமல்ல. அசல் பட்டு எது என்று வாங்குபவருக்கு உறுதி தருவதற்காகவே மத்தியப் பட்டு வாரியம் 2004இல் ‘சில்க் மார்க்’ முத்திரையைக் கொண்டுவந்தது. வீட்டுக்கு அப்படி முத்திரை இல்லாததால், விற்பவர் தானாகக் காட்டும் காகிதமும் தானாகச் சொல்லும் குறையும்தான் அந்த இடத்தில் நிற்கின்றன. மேலும், முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். 20 லட்ச ரூபாய்க்குப் பதிவாகும் வீட்டுக்கு அதுவே 1.8 லட்சம். இவ்வளவையும் திரட்டிக்கொண்டு வருகிறவர், குடிபுகுந்த பிறகு எதிர்பாராத செலவு வருமோ என்றுதான் அதிகம் பயப்படுவார். என்ன செலவு வரும் என்று தெரிந்துவிட்டால் அதைக் கழித்து ஒரு விலையைச் சொல்வார். தெரியாவிட்டால் பயத்தையும் சேர்த்துக் கழிப்பார்.

‘தோற்றம் ஒன்றுமே இல்லையா?’ என்றும் கேட்கலாம். உண்டு. அமெரிக்காவில் விற்பனைக்கு முன் வீட்டை அலங்கரித்துக் கொடுப்பது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. லேன், சீலர் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வீட்டைச் சுவர் நிறத்தையும் அறைக்கலன்களையும் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களின் விருப்பம் மாறியது. தர முன்வந்த விலை குறிப்பிடும்படி மாறவில்லை. ஆக, தோற்றம் ஆளை உள்ளே அழைத்துவரும், விலையை ஏற்றித் தராது. அழைத்துவரும் வேலைக்குத் துடைப்பமும் தண்ணீரும் போதும்: திண்ணையைக் கழுவுவது, ஒட்டடை அடிப்பது, முற்றத்துச் சாக்கடை அடைப்பை எடுப்பது, கூடத்தில் குவிந்த பழைய தறிச் சாமான்களை ஒழித்து வெளிச்சம் விடுவது. சுத்தம் எதையும் மறைப்பதில்லை. அழுக்கு மறைத்த நல்லதைக்கூட வெளியே கொண்டுவருகிறது.

‘கடன் நெருக்கடியில் விற்பவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்பது கடைசி ஆட்சேபம். அவருக்குத்தான் இந்த வழி அதிகம் பொருந்தும். பட்டிக்கும் பெயின்டுக்கும் வட்டிக்கு வாங்கிய பணம் விலையில் திரும்பி வரும் என்பதற்கு உறுதி இல்லை. வில்லங்கத்தையோ பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். இன்னொன்று, ஆரணி போன்ற ஊரில் வீடு பார்க்க வருகிறவர் எதிர்வீட்டிலும் டீக்கடையிலும் விசாரிக்காமல் போவதில்லை. எந்த மழையில் எந்தச் சுவர் நனைந்தது என்பது தெருவுக்கே தெரியும். தெரு சொல்வதும் விற்பவர் சொல்வதும் ஒன்றாக இருந்தால் அந்த வீட்டுக்கு அதைவிட நல்ல பெயர் வேண்டியதில்லை. எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பங்காளிகளின், மகள்களின் சம்மதம், பிறகு காகிதம், பிறகு ஒழுகல், பிறகு சுத்தம், கடைசியில் சுண்ணாம்பு. குழி அப்படியே இருக்கட்டும்.

(அடுத்த வாரம்: முன்பண ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்?)