பிறப்புச் சான்று இல்லாத மலைகள்

காற்று பலமாக வீசினால் கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில் ஜன்னலைச் சாத்தியாக வேண்டும். உள்ளே நுழைவது சாதாரணப் புழுதியல்ல. ஊர்க்காரர்கள் 'சயனைடு மலை' என்று அழைக்கும் கழிவுக் குவியல்களின் மாவு போன்ற மண். மொத்தம் 13 குவியல்கள், சுமார் 3.3 கோடி டன்.

எல்லாம் தங்கத்தின் எச்சம். 1887-ல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற முறைப்படி, அரைத்த பாறைத் தூளைச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைக் கரைப்பார்கள். பிறகு துத்தநாகம் சேர்த்துப் பிரிப்பார்கள். மிச்சம் மேட்டில் கொட்டப்பட்டது. வெயிலில் சயனைடு நாளடைவில் சிதையும். பாறையோடு வந்த உலோகங்களும் நுரையீரலுக்கு ஆகாத சிலிக்கா தூளும் சிதையாது.

ஆக, ஒரு பிடி மண்ணில் இரண்டு வம்சங்கள்: ஆலையில் ஊற்றியது, பூமிக்கடியிலிருந்து வந்தது. சோதனைக்கூடம் 'எவ்வளவு' என்று சொல்லும். 'எங்கிருந்து' என்பதற்கு ஆவணம் வேண்டும்.

ரசாயனங்களின் கம்ப்யூட்டர் பதிவேடுகளும் இதில் அதிகம் உதவுவதில்லை. 1965-ல் அமெரிக்காவில் தொடங்கிய சி.ஏ.எஸ். பதிவேட்டில் சோடியம் சயனைடின் எண் 143-33-9. யார் தயாரித்தாலும் அதே எண்தான். ஐரோப்பியர்கள் பயன்படுத்தும் ஐயுக்ளிட் மென்பொருளில் 'தோற்றம்' என்றே ஒரு கட்டம் உண்டு. ஆனால் அது கேட்பது கரிமமா, கனிமமா, பெட்ரோலியமா என்ற இனத்தை மட்டுமே. ஊர் பெயரை அல்ல.

போபாலுக்குப் பிறகு இந்தியா விழித்துக்கொண்டது. அபாயகரமான ரசாயனம் எந்தத் துறைமுகத்தில், எவ்வளவு இறங்கியது என்பதைத் தெரிவிக்க 1989 விதிகள் கட்டாயப்படுத்தின. அதற்குள், 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய சுரங்கம் நூறு வயதைத் தாண்டிவிட்டது. நிர்வாகம் 1956-ல் மைசூர் அரசுக்கும், 1962-ல் மத்திய அரசுக்கும், 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்துக்கும் கைமாறியது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. மலைகள் மட்டும் நகரவில்லை.

2024 ஜூனில், அவற்றில் மிஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. ஏலம் எடுப்பவரின் முதல் கேள்வி, எந்த மேட்டில் எந்த ஆலையின், எந்தக் காலத்து மண் என்பதாகத்தான் இருக்கும். லாபம் அதில் இருக்கிறது.

லைன் வீட்டுக்காரர்களுக்கும் அதே பட்டியல் தேவை. மண்ணைக் கிளறுமுன் பழைய நிலவரத்தையும், பிறகு வந்திறங்கும் ஒவ்வொரு ரசாயனத்தின் மூலத்தையும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளை கிணற்றில் விஷம் தெரிந்தால், 'அது வெள்ளைக்காரன் காலத்து மண்' என்று கைகாட்டுவது சுலபம்.