இரண்டு காதுகளுக்கு ஆறு ஒலிபெருக்கிகள் எதற்கு?

என் நண்பர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் அகலமான தொலைக்காட்சித் திரையைச் சுவரில் மாட்டி, அதனுடன் கணிப்பொறி ஒன்றை இணைத்து, கூடத்தையே ஒரு சிறு திரையரங்காக மாற்றினார். படத்துக்கேற்ற ஒலி வேண்டுமே! கடைக்குச் சென்று, அட்டைப் பெட்டியின் மேல் மிகப் பெரிய 'வாட்' எண் அச்சிட்டிருந்த '5.1' ஒலிபெருக்கித் தொகுதி ஒன்றை வாங்கி வந்தார். முதல் நாள் படம் ஓடியது. வெடிச்சத்தத்தில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆனால், சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்த அவருடைய வயது முதிர்ந்த தந்தையோ, ஒவ்வொரு வசனத்துக்கும் மகன் பக்கம் திரும்பி, "என்னப்பா சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒலியைக் கூட்டிப் பார்த்தார்கள். இரைச்சல் கூடியது, சொற்கள் தெளியவில்லை. சிறிது நேரத்தில் பெரியவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"இதைவிடப் பெரிய தொகுதியாக வாங்கியிருக்க வேண்டுமோ?" என்று நண்பர் என்னைக் கேட்டார். இக்கேள்விக்கு விடை கடையில் இல்லை. நம் காதிலும், நாம் அமரும் அறையிலும், கணிப்பொறியின் பின்புறத்திலும் இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காது போடும் கணக்கு

கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது யாரேனும் நம் பெயரைச் சொல்லி அழைத்தால், குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிடுகிறது. இது எப்படி? வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி முதலில் வலக் காதை அடைகிறது. இடக் காதை அடைய அது தலையைச் சுற்றி ஏறக்குறைய 22 செ.மீ. கூடுதலாகச் செல்ல வேண்டும். 25 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 346 மீட்டர் செல்லும். ஆகவே இரு காதுகளுக்கும் இடையே உள்ள கால வேறுபாடு 0.22 ÷ 346, அதாவது ஒரு வினாடியின் பத்தாயிரத்தில் 6 பங்கு அளவே! இதைவிட மிகச் சிறிய வேறுபாட்டையும், வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கையும்கூட, நம் மூளை கண்டுகொள்கிறது.

அதிர்வெண் மிகுந்த ஒலிகளுக்கு மற்றொரு குறிப்பும் கிடைக்கிறது. அவற்றின் அலைநீளம் சிறியது. எனவே தலை ஒரு தடுப்பாக நின்று 'ஒலி நிழல்' வீழ்த்துகிறது. அப்பால் உள்ள காதில் ஒலி மங்கிக் கேட்கிறது. காலம், செறிவு என்னும் இவ்விரு குறிப்புகளைக் கொண்டே நாம் திசையறிகிறோம் என்பதை ராலே பிரபு என்ற ஆங்கில இயற்பியலறிஞர் 1907-இல் விளக்கினார். ஒலி முன்னிருந்து வருகிறதா, பின்னிருந்து வருகிறதா என்று பிரித்தறியச் செவிமடலின் மடிப்புகள் துணை செய்கின்றன.

காதுகள் இரண்டுதான், ஆனால் ஒலிகள் எல்லாத் திசைகளிலிருந்தும் வருகின்றன. சூழொலி அமைப்பில் பல ஒலிபெருக்கிகள் தேவைப்படுவது இதனால்தான்.

ஒற்றைக் குரலிலிருந்து சூழொலி வரை

பேசும் படத்தின் தொடக்க காலத்தில் திரையரங்கில் ஒலித்தடம் ஒன்றே. நடிகர் திரையின் ஓர் ஓரத்தில் நிற்க, அவர் குரல் வேறோர் இடத்திலிருந்து வருவதைக் கண்டு ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலப் பொறியாளர் சலிப்புற்றார் என்பர். இரு தடங்களைக் கொண்டு ஒலிக்குத் திசை தரும் முறைக்கு அவர் 1931-இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1940-இல் வெளியான டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' படம் பல தடங்களில் ஒலித்தது. தனிக் கருவிகள் தேவைப்பட்டதால் சில அரங்குகளில் மட்டுமே அவ்வாறு காட்ட முடிந்தது.

1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துடன் டால்பி நிறுவனத்தின் இலக்கமுறைச் சூழொலி வந்தது. படச்சுருளின் ஓரத் துளைகளுக்கு இடையே இருந்த சிறு இடங்களில் ஒலிச் செய்தி இலக்கங்களாக அச்சிடப்பட்டது. முன்புறம் இடம், நடு, வலம் என மூன்று, பக்கவாட்டில் இரண்டு, ஆக ஐந்து முழுத் தடங்கள். இடி, வெடி போன்ற தாழொலிகளுக்கு மட்டும் ஒரு சிறு தடம். அது 120 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளையே தாங்குவதால் 'புள்ளி ஒன்று' எனப் பெயர் பெற்றது. '5.1' என்பதன் பொருள் இதுவே. 2012-இல் வந்த 'அட்மாஸ்' முறையில் தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிறது.

இவற்றுள் வீட்டுக்கு மிகவும் வேண்டியது எது? பலரும் பின்னால் வைக்கும் ஒலிபெருக்கிகளையே சொல்வர். உண்மையில் அது முன்புற நடு ஒலிபெருக்கியே. படங்களின் வசனத்தில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வருகிறது. இரண்டு ஒலிபெருக்கிகள் மட்டும் இருந்தால், சரியாக நடுவில் அமர்ந்தவருக்குத்தான் குரல் திரையின் நடுவிலிருந்து வருவதாகத் தோன்றும். இடப்பக்கப் பெட்டிக்கு ஒரு மீட்டர் நெருங்கி அமர்ந்தவருக்கு அதன் ஒலி 3 மில்லி வினாடி முந்தி வரும். முதலில் வந்த ஒலியின் திசையையே மூளை ஏற்பதால், அவருக்குக் குரல் முழுவதும் இடப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். நடு ஒலிபெருக்கி இக்குறையைத் தீர்க்கிறது.

கணிப்பொறியிலிருந்து ஒலி வரும் வழி

படத்தில் ஆறு தடங்கள் இருந்தும், அவை ஒலிபெருக்கிக்கு வந்து சேராவிட்டால் என்ன பயன்? கணிப்பொறியிலிருந்து ஒலி வெளிவர மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, வண்ணத் துளைகள். மேசைக் கணிப்பொறிகள் பலவற்றின் பின்புறம் பச்சை, கருப்பு, ஆரஞ்சு நிறத் துளைகள் இருக்கும். பச்சையில் முன்புற இரு தடங்கள். கருப்பில் பின்புற இரு தடங்கள். ஆரஞ்சில் நடுத் தடமும் தாழொலித் தடமும். ஆறு தடங்களுக்கு மூன்று கம்பிகள் வேண்டும். பச்சையில் மட்டும் ஒரு கம்பியைச் செருகினால் வருவது இரண்டே தடங்கள். மலிவான தொகுதிகள் பல, அந்த இரண்டையே படியெடுத்து எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பிவிடும். பெட்டிகள் அனைத்தும் ஒலிக்கும். ஆனால் அது சூழொலி அன்று. நண்பர் வீட்டில் நடந்தது இதுதான். வசனம் முன்னும் பின்னும் ஒருங்கே ஒலித்ததால் சொற்கள் குழம்பின.

இரண்டாம் வழி, ஒளியிழைக் கம்பி. இதில் சுருக்கப்படாத ஒலியானால் இரண்டு தடங்களே செல்லும். ஒரு தடத்துக்கு வினாடிக்கு 48,000 அளவீடுகள், ஒவ்வொன்றுக்கும் 24 பிட்டுகள் என்று வைத்துக்கொண்டால், ஆறு தடங்களுக்கு வினாடிக்கு 69 லட்சம் பிட்டுகளுக்கு மேல் வேண்டும். காது உணராத நுட்பங்களை நீக்கிச் சுருக்கினால் இது வெகுவாகக் குறையும், டி.வி.டி. வட்டுகளின் டால்பி ஒலி பெரும்பாலும் வினாடிக்கு 4,48,000 பிட்டுகளே, அதாவது ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு. அப்படிச் சுருக்கிய 5.1 ஒலியை ஒளியிழை தாங்கும். ஆனால் விளையாட்டு நிரல்களில் ஒலி அவ்வப்போது கணிப்பொறியிலேயே உருவாவதால், அதை உடனுக்குடன் சுருக்கும் வசதி இல்லையேல் இரண்டு தடங்களே வெளிவரும்.

மூன்றாம் வழி, படமும் ஒலியும் சேர்ந்து செல்லும் எச்.டி.எம்.ஐ. கம்பி. சுருக்கப்படாத எட்டுத் தடங்கள் வரை இது தாங்கும். கணிப்பொறியிலிருந்து முதலில் ரிசீவர் எனப்படும் பெருக்கிக்கும், அங்கிருந்து தொலைக்காட்சிக்கும் கம்பியைக் கொண்டு செல்வது நல்லது. புதிதாக வாங்குவோர்க்கு இவ்வழியே சிறந்தது.

எந்த வழியானாலும் ஒன்றை மறக்கலாகாது. கணிப்பொறியின் ஒலி அமைப்புப் பகுதியில் '5.1' என்று தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே ஒலிக்கச் செய்து சோதிக்க வேண்டும்.

வாட் என்னும் மாயை

அட்டையில் 5,000 வாட் என்று அச்சிட்டிருக்கலாம். பெட்டியைத் திருப்பி, மின்சாரம் எவ்வளவு எடுக்கும் என்ற குறிப்பைப் பாருங்கள். அங்கே 60 வாட் என்றிருந்தால், 60 வாட்டை உண்டு 5,000 வாட்டைத் தொடர்ந்து தர எந்தக் கருவியாலும் முடியாது. ஆற்றல் அழிவின்மை விதி அதற்கு இடம் தராது. 'பி.எம்.பி.ஓ.' என்ற பெயரில் தரப்படும் எண்களுக்கு உறுதியான வரையறை இல்லை. 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்துள்ள தொடர் ஆற்றலையே கணக்கில் கொள்ள வேண்டும்.

நமக்கு எவ்வளவு வாட் தேவை? நடுத்தரமான ஒலிபெருக்கி ஒன்று, ஒரு வாட் ஆற்றலில், ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபல் ஒலி தரும். திறந்த வெளியில் மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால் அது ஏறக்குறைய 77 டெசிபலாகும். நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 முதல் 65 டெசிபல்தான்! ஆகவே வசனத்துக்கு ஒரு வாட்டே மிகுதி. ஒலி இருமடங்காகத் தோன்றப் பத்து டெசிபல் கூட வேண்டும். அதற்கு ஆற்றல் பத்து மடங்காக வேண்டும். 87 டெசிபலுக்கு 10 வாட். 97 டெசிபலுக்கு 100 வாட். கண நேர வெடிச்சத்தத்துக்கே இந்த உயர் அளவு தேவைப்படும். 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பதே தொழிலிடங்களில் செவி நலத்துக்காக வகுத்துள்ள எல்லை என்பதையும் நினைவில் கொள்க.

அறையும் ஒரு கருவியே

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேசியது எதுவும் விளங்கவில்லை. அதை ஆராயும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. ஒலி அடங்க 5 வினாடிக்கு மேல் ஆவதை அவர் அளந்தார். இரவு நேரங்களில் வேறோர் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, மெத்தை கூடக்கூட எதிர்முழக்கம் குறைவதைக் கண்டார். அவர் தந்த வாய்பாடு எளியது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையின் மொத்த உட்கவர் திறனால் வகுத்தால் எதிர்முழக்கக் காலம் கிடைக்கும்.

5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள கூடத்தின் கன அளவு 60 கன மீட்டர். சுவர், தரை, கூரைப் பரப்பு 94 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சும் ஓடு பதித்த தரையும் உள்ள வெற்று அறையில், மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு ஐந்து பங்கே உட்கவரப்படுவதாகக் கொள்வோம். உட்கவர் திறன் 4.7. எதிர்முழக்கக் காலம் 60 × 0.161 ÷ 4.7, அதாவது ஏறத்தாழ 2 வினாடி. அதற்குள் நடிகர் பல சொற்களைப் பேசிவிடுவார். முதற்சொல்லின் எச்சம் அடுத்த சொல்லை மூடிவிடும். தடித்த திரைச்சீலை, தரை விரிப்பு, மெத்தையிட்ட சோபா, புத்தக அலமாரி ஆகியவற்றால் உட்கவர் திறனை 16-ஆக உயர்த்தினால் காலம் 0.6 வினாடியாகக் குறையும்.

சப்வூஃபர் என்னும் தாழொலிப் பெட்டியை எங்கே வைப்பது? 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியின் திசையை அறைக்குள் நாம் அறிவது அரிது. ஆதலால் இடம் பற்றிய கவலை இல்லை என்று நினைத்து அதை மூலையில் தள்ளிவிடுகிறோம். 5 மீட்டர் நீள அறையில் சுமார் 35 ஹெர்ட்ஸ் ஒலியின் அரை அலை சரியாகப் பொருந்தி ஒத்ததிர்வு கொள்கிறது. மூலையில் வைத்த பெட்டி இத்தகைய ஒத்ததிர்வுகள் எல்லாவற்றையும் தூண்டி, வசனத்தை மூடிவிடும். ஓர் எளிய சோதனை செய்யலாம். பெட்டியை நீங்கள் அமரும் இடத்தில் வைத்துத் தாழொலி மிகுந்த இசையை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து கேளுங்கள். எங்கே தாழொலி சீராகக் கேட்கிறதோ, அதுவே பெட்டிக்கு உரிய இடம்.

மற்றப் பெட்டிகளுக்குப் பன்னாட்டுப் பரிந்துரை ஒன்று உண்டு. திரையின் நடுவை நோக்கிய கோட்டிலிருந்து முன்புறப் பெட்டிகள் இருபுறமும் 30 பாகையிலும், சூழொலிப் பெட்டிகள் ஏறக்குறைய 110 பாகையிலும், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னே, இருக்க வேண்டும்.

எதை வாங்கலாம்?

பணம் குறைவெனில் நல்ல இரண்டு ஒலிபெருக்கிகளே போதும். மலிவான ஆறினும் அவை மேல். பின்னர் நடு ஒலிபெருக்கி, அடுத்துத் தாழொலிப் பெட்டி, இறுதியாகச் சூழொலிப் பெட்டிகள் எனப் படிப்படியாகச் சேர்க்கலாம். அதற்கு இடந்தரும் ரிசீவரை முதலிலேயே வாங்கிவிட வேண்டும். சோபா பின்சுவரை ஒட்டியிருக்கும் சிறு கூடத்தில் 7.1 அமைப்பால் பயன் மிகக் குறைவு. கம்பி இழுக்க வசதியில்லாத வாடகை வீட்டில், திரைக்குக் கீழே வைக்கும் ஒலிப்பட்டை போதும்; நடுத் தடம் தனியாக உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். கணிப்பொறியின் விசிறி இரையாமல் இருக்கட்டும். மெல்லிய வசனத்தை விழுங்க அந்த இரைச்சலே போதும்.

நண்பர் புதிய பெட்டி எதுவும் வாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மேலும் இரண்டு கம்பிகளைச் செருகி, கணிப்பொறியில் '5.1' என்று மாற்றினோம். அலமாரிக்குள் ஒளிந்திருந்த நடு ஒலிபெருக்கியைத் திரைக்குக் கீழே வெளியில் வைத்தோம். தாழொலிப் பெட்டி மூலையை விட்டு வந்தது. சன்னலுக்குத் தடித்த திரைச்சீலையும் தரைக்கு விரிப்பும் வந்தன. செலவு திரைச்சீலைக்கும் விரிப்புக்கும் கம்பிக்கும் மட்டுமே. அன்று மாலை பழைய படம் ஒன்றைப் போட்டோம். பெரியவர் கடைசி வரை எழுந்திருக்கவில்லை. இடையில் ஒரே ஒரு முறை பேசினார்: "ஒலியைக் கொஞ்சம் குறையப்பா, நன்றாகக் கேட்கிறது."