கையெழுத்து போடாத வீட்டுக்காரர்

மதுரைப் பசுமலையில் வீடு காலியாக வைத்திருக்கும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள், "யாருக்குக் கொடுப்பீங்க?" என்று. அன்று வந்த பதில்தான் இன்றும் வரும்: "கவர்மெண்டு உத்தியோகமா இருந்தா நல்லது." மிஷன் பள்ளி ஆசிரியரும் மில் தொழிலாளியும் மின்வாரிய ஊழியரும் காம்பவுண்டு வீடுகளில் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்த காலத்திலும் அதுதான் பேச்சு. ஒன்றாம் தேதி சம்பளம், ஐந்தாம் தேதி வாடகை.

அந்தக் காலத்துச் சட்டம் இன்றைய வீட்டுக்காரர்களுக்குக் கதைபோல இருக்கும். 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, மதுரை மாதிரி நகரங்களில் வீடு காலியானால் ஏழு நாளுக்குள் அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். வேண்டுமென்றால் தன் அலுவலர் ஒருவரை அரசே அங்கே குடிவைக்கலாம். மாத வாடகை 25 ரூபாய்க்கு உட்பட்ட வீடுகளுக்கு விலக்கு. போர்க்காலத்து வீட்டுப் பஞ்சத்தில் வந்த ஏற்பாடு, பஞ்சம் போன பிறகும் புத்தகத்தில் இருந்தது. அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. பத்து மாதம் வாங்காத வீட்டுக்காரர் யார்? எல்லாம் கைக்குக் கை, ரசீது கிடையாது. தகராறு வந்தால் ரெண்ட் கண்ட்ரோல் கேஸ். அப்பா போட்ட கேஸை மகன் நடத்திய குடும்பங்கள் மதுரையில் உண்டு. அந்தப் பயமும் சேர்ந்துதான் 'பதினொரு மாத அக்ரிமெண்டு' என்ற பழக்கத்தை இன்றுவரை காப்பாற்றி வருகிறது.

2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம். நியாய வாடகை கணக்குப் போடும் வேலை போயிற்று. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் பேசி எழுதிக்கொள்வதே வாடகை. ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். இரண்டு மாத பாக்கி விழுந்தால் காலி செய்யச் சொல்லி மனு போடலாம். முன்பணம் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது, வேறு ஒப்பந்தம் இருந்தால் தவிர. அந்தத் 'தவிர'வுக்குள்தான் ஊரே குடியிருக்கிறது.

பெரிய மாற்றம் வேறு இடத்தில். அன்று அரசு உத்தரவோடு வாசலுக்கு வந்தது. இன்று குடியிருப்பவருக்கு அரசு தரும் பல உதவிகள் வீட்டுக்காரரின் கையைத் தாண்டித்தான் போகின்றன.

அமெரிக்காவில் 1974இல் வந்த செக்‌ஷன் 8 திட்டத்தில், ஏழைக் குடித்தனக்காரர் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் கட்டுகிறார். மீதியை அரசே வீட்டுக்காரருக்குச் செலுத்துகிறது. நம் ஊரில் மாதாமாதம் வாடகைக்கென்று அரசுப் பணம் வாங்குபவர் அரசு ஊழியர்தான். மதுரையில் மத்திய அரசு ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் வீட்டு வாடகைப்படி. பழைய வருமான வரி முறையில் அதற்கு விலக்குக் கேட்க ரசீது வேண்டும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் நம்பரும் வேண்டும். "ரசீதுல எட்டாயிரம்னு போடுங்க, மீதி கையில" என்பது அப்படிப் பிறந்த சமரசம். இத்தனைக்கும் மாதம் 12,000 வாங்கும் பாட்டிக்கு ஆண்டுக்கு 1,44,000. வரிச் சட்டம் அனுமதிக்கும் 30 சதவீதம் கழித்தால் 1,00,800. வேறு வருமானம் இல்லையென்றால் வரியே கிடையாது. ஆனாலும் பான் என்றதும் கை பின்னால் போகிறது. ஒத்திக்கு விட்டால் இந்த வம்பே இல்லை, மொத்தமாகப் பணம், மாத வாடகை என்ற பேச்சே கிடையாது.

கூலிக்காரருக்கு என்ன இருக்கிறது? நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும்போது, வெளியே தங்க 24,000 ரூபாய் கருணைத்தொகை தருகிறது, முன்பு 8,000தான். கட்டி முடிக்க ஒன்றரை வருடம் என்றால் மாதம் 1,333. அதற்குப் பசுமலையில் ஒற்றை அறை கிடைக்குமா?

2016 முதல் வீட்டு மின் இணைப்புக்கு 100 யூனிட் இலவசம். மாடிப் போர்ஷனுக்கு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அந்தச் சலுகை கீழ்வீட்டிலேயே நின்றுவிடுகிறது. ரேஷன் கார்டில் முகவரி மாற்ற ஒப்பந்தம் கேட்கிறார்கள். "அட்ரஸ் போட்டா நாளைக்கு வீட்டையே கேப்பான்" என்று பல வீட்டுக்காரர்கள் எழுதித் தருவதில்லை. வாடகைக் குடித்தனக்காரரின் கார்டுக்கு வீடு எழுதிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. பாதுகாப்பு எழுத்தில் இருக்கிறது, எழுதாததில் இல்லை.

வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாடிக்குத் தனி மீட்டர் வாங்கிக் கொடுங்கள். ஒப்பந்தம் எழுதிப் பதியுங்கள். வாங்கிய தொகையை வாங்கியபடியே ரசீதில் போட்டுக் கையெழுத்திடுங்கள்.