அந்த 500 பேரில் மாமா இல்லை

லாப்ரடார் பூங்காவின் கடலோரத்தில் நின்றால் எதிரே புக்கோம் தீவின் எண்ணெய்த் தொட்டிகள் தெரியும். சிறுவயதில் என்னை அங்கே அழைத்துப்போய், "அதுதான் என் ஆபீஸ்" என்று கை நீட்டுவார் மாமா. குழாய் பொருத்தும் வேலை. விடிவதற்குள் படகைப் பிடிக்க ஓடுவார்.

சிங்கப்பூரின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை 1961இல் ஷெல் அங்கேதான் திறந்தது. 2020 நவம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. கரிம வெளியேற்றத்தைக் குறைக்கும் திட்டத்தின்படி கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் திறன் பாதியாகும். 1,300 வேலைகளில் 500, 2023 முடிவுக்குள் குறையும். உயிரி எரிபொருள் ஆலை ஒன்று வரும் என்ற பேச்சும் இருந்தது. 2023இல் அதையும் கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில் தீவே சந்திரா அஸ்ரி, கிளென்கோர் கூட்டு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

செய்தியைப் படித்ததும் மாமாவுக்கு ஃபோன் செய்தேன். "அந்த 500 பேர்ல நான் இல்லடா," என்றார். நிம்மதியாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, அவர் அந்த 1,300 பேரிலும் இல்லை. ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். பராமரிப்பு வேலை சுருங்கினால் அவரைப் போன்றவர்கள் எந்தக் கணக்கிலும் வராமலே வீட்டுக்குப் போவார்கள்.

அப்படித்தான் ஆனது. 56 வயதில், ஒரு மாதச் சம்பளத்தோடு. ஆட்குறைப்பு இழப்பீடு தந்தே ஆகவேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. வேலை ஒப்பந்தத்தில் இருந்தால்தான் கேட்டு வாங்க முடியும். அவருடையதில் இல்லை. கூட வேலை செய்த புதுக்கோட்டைத் தம்பிகளின் நிலை இன்னும் மோசம். வேலையோடு பெர்மிட்டும் போயிற்று. இருவர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள்.

இதில் எனக்கொரு சங்கடம் உண்டு. அலுவலகத்தில் நான் தயாரிப்பது கரிம வெளியேற்ற அறிக்கைகள். டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்த கரிம வரி 2024இல் 25 ஆனது, 2026இல் 45. அது ஏறத்தான் வேண்டும் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால், நான் நிரப்பும் அட்டவணைகளில் மாமாவுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

2025இல் வந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில், வேலை இழந்தவர்களுக்கு ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். மாமாவுக்கு அது பிந்தி வந்தது. அதற்குள் அவர் ஜூரோங்கில் ஒரு கட்டடத்தின் குளிரூட்டிக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்விட்டார். சம்பளத்தில் 800 வெள்ளி குறைவு.

போன வாரம் என் தங்கைக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எல்லாரும் சம்பளத்தை விசாரித்துக்கொண்டிருக்க, மாமா ஒப்பந்தத் தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆட்குறைப்பப் பத்தி எந்தப் பக்கத்துல எழுதியிருக்காங்க, காட்டும்மா."