ஆள் சேர்த்ததால் வந்த வினை!

சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி கொண்டு வந்து வைப்பவர்தான் நமக்கு நினைவுக்கு வருவார். இன்டர்நெட் உலகிலும் சர்வர் உண்டு. அது யந்திரம். நாம் கேட்பதை எடுத்துக் கொடுப்பதே அதன் உத்தியோகம். ஓட்டலில் கூட்டம் பெருகினால் முதலாளி இன்னும் நாலு ஆளை வேலைக்கு வைப்பார். அதே காரியத்தைச் செய்யப் போய், பெரிய ஸ்தாபனம் ஒன்று 17 மணி நேரம் திண்டாடியது என்றால் நம்புவீர்களா?

2020-ம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி. அமேசான் கம்பெனி வட வர்ஜீனியாவில் 'கினெஸிஸ்' என்ற சேவையை நடத்துகிறது. ஓயாமல் வந்து குவியும் தகவல்களை வாங்கி உரிய இடத்தில் சேர்ப்பது அதன் வேலை. வாசலில் நின்று வாங்குவதற்கு மட்டுமே பல ஆயிரம் சர்வர்கள்! அன்று பஸிபிக் நேரப்படி அதிகாலை 2-44 மணிக்கு இன்னும் கொஞ்சம் சர்வர்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். 3-47க்கு வேலை முடிந்தது. 5-15க்கு அபாய மணி அடித்தது!

கினெஸிஸை நம்பியிருந்த மற்றச் சேவைகளும் ஒவ்வொன்றாகத் தடுமாறின. "பழுது ஏற்பட்டிருக்கிறது" என்று வாடிக்கைக்காரர்களுக்கு அறிவிக்கும் கருவியும் அவற்றில் ஒன்றை நம்பியிருந்ததால், அதுவும் படுத்துவிட்டது!

எல்லைக் கோடு

நினைவகத் தட்டுப்பாடோ என்று நிபுணர்கள் முதலில் சந்தேகித்தார்கள். காலை 9-39க்குத்தான் உண்மை புலப்பட்டது.

வாசல் சர்வர் ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொரு சர்வருடனும் பேசுவதற்கு ஒரு தனி 'இழை' வைத்திருக்கும். புதிய சர்வர் வந்தால், பழைய சர்வர்கள் அத்தனைக்கும் ஓர் இழை கூடும். ஆனால், "இத்தனை இழைகளுக்கு மேல் கூடாது" என்று ஆபரேட்டிங் ஸிஸ்டத்தில் ஓர் எல்லை விதிக்கப்பட்டிருந்தது. அதை எல்லாச் சர்வர்களும் தாண்டிவிட்டன. எந்தச் சரக்கு எங்கே போக வேண்டும் என்ற ஜாபிதாவைக்கூட அவற்றால் தயாரிக்க முடியவில்லை.

எல்லையை உடனே உயர்த்தலாமே? பரீட்சித்துப் பாராமல் அதைச் செய்ய நிபுணர்கள் துணியவில்லை. சேர்த்த சர்வர்களை நீக்கினார்கள். மற்றவற்றை மணிக்குச் சில நூறு வீதம் மீண்டும் முடுக்கினார்கள். இரவு 10-23க்குத்தான் எல்லாம் சீரடைந்தது. பிறகு, சக்தி மிகுந்த சர்வர்களைக் குறைந்த எண்ணிக்கையில் வைப்பது என்றும், இழைகள் பெருகினால் முன்கூட்டியே மணி அடிப்பது என்றும் தீர்மானித்தார்கள்.

சின்ன சர்வருக்கும் உண்டு

ஒற்றைச் சர்வர் வைத்திருப்பவருக்கும் இந்தத் தொல்லை வரும். லினக்ஸில் ஒரு புரோகிராம் ஒரே சமயத்தில் திறந்து வைக்கக் கூடிய கோப்புகள் பெரும்பாலும் 1024தான். வந்து நிற்கும் ஒவ்வொரு விருந்தாளியின் இணைப்பும் ஒரு கோப்பாகவே கணக்கில் ஏறும். எண்ணிக்கை நிரம்பியதும், நினைவகம் காலியாக இருந்தாலும் கதவு சாத்தப்படும். "திறந்த கோப்புகள் அதிகம்" என்று பதிவேட்டில் புகார் எழும்.

அப்போது புது யந்திரம் வாங்க ஓட வேண்டாம். முதலில் பதிவேட்டைப் பாருங்கள். எந்த எல்லை முட்டியது என்று அறியுங்கள். திறந்த கோப்புகளை எண்ணுங்கள். கூட்டம் நிஜமானால் எல்லையை அளவோடு உயர்த்தலாம். திறந்ததை மூடாமல் விடும் புரோகிராமானால், உயர்த்திப் பயனில்லை. ஓட்டைக் குடத்துக்குப் பதில் பெரிய ஓட்டைக் குடம் வாங்கிய கதைதான்!

யந்திரத்தின் பலம் வேறு; அதற்கு விதித்த எல்லை வேறு. இரண்டையும் அறிந்தவனே நல்ல நிர்வாகி.